காசு கட்டிய கேம் ஏன் நெட் இல்லாமல் திறக்க மறுக்கிறது?

கணினி கேம்களை நெட்டில் விற்கும் கடையான ஸ்டீமில் ஒரு கேமைத் தெரிவு செய்து காசு கட்டப் போனால், 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன வரி இருக்கிறது. டிஜிட்டல் பொருளுக்குக் காசு கட்டினால் ஸ்டீமில் அதைப் பயன்படுத்துவதற்கான உரிமம் கிடைக்கிறது என்பது அதன் சாரம். இதைப் படித்த பலருக்கும் குழப்பம். இனிமேல்தான் இப்படியா, ஏற்கெனவே வாங்கியவையும் போய்விடுமா, டிஸ்க் வாங்கினால் தப்பிக்கலாமா, இலங்கை மலையகத்தில் சிக்னல் கிடைக்காத தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர் காசு கொடுத்து வாங்கி என்ன பிரயோசனம் என்று கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். புதிதாக எதுவும் மாறவில்லை. ஸ்டீம் தொடங்கிய நாளிலிருந்தே நாம் வாங்கியது உரிமம்தான், அது யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தத்துக்குள் கிடந்தது. கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தானது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்கும் கடைகள், கொடுப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கவனியுங்கள்: நிரந்தரமாக டவுன்லோட் செய்து நெட் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதாவது, கோப்பு உங்கள் கையில் இருந்து, அதைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றால், அது ஏறக்குறைய சொந்தம். அனுமதி கேட்க வேண்டும் என்றால் சொந்தமில்லை. இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

## டிஸ்க் காலத்தில் என்ன இருந்தது

ஒரு காலத்தில் சீடியிலோ டிவிடியிலோ முழு கேமும் இருக்கும். கதையும் படமும் நிரலும் தயாரித்தவருடைய காப்புரிமை, அது அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த டிஸ்க் உங்களுடையது. தம்பிக்குக் கொடுக்கலாம், ஊருக்குப் போகும்போது மச்சானுக்குக் கொடுத்துவிட்டு வரலாம், விளையாடி முடித்ததும் பாதி விலைக்கு விற்கலாம். கம்பெனி இழுத்து மூடினாலும் டிஸ்க் ஓடும்.

இது உடைந்த ஆண்டு என்று 2004ஐச் சொல்லலாம். அந்த நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் டிஸ்க் வாங்கியவரும் ஸ்டீமில் ஒரு கணக்குத் திறந்து, நெட்டில் ஆக்டிவேட் செய்தால்தான் விளையாட முடியும் என்றார்கள். டிஸ்க் கையில், சாவி சேர்வரில், அதாவது கம்பெனியின் கணினியில்.

மலையகத்தாருக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் பேசத் தேவையில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மூன்று தலைமுறை குடியிருந்தாலும் உறுதிப் பத்திரம் கையில் இல்லையென்றால் அந்த வீட்டில் உங்கள் இடம் என்ன என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாரத்தை ஒரு கேமோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் சட்ட வடிவம் அதுதான்: இருக்கலாம், பாவிக்கலாம், முடிவு எடுப்பவர் வேறொருவர்.

இன்றைக்கு டிஸ்க் வாங்கித் தப்பிக்கலாம் என்பதும் பாதி உண்மைதான். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு 'கேம்-கீ கார்ட்' என்று ஒரு வகை விற்கிறார்கள், அதற்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. 2023 கடைசியில் வந்த மெல்லிய பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க் டிரைவைக் கழற்றிப் பூட்டலாம், ஆனால் முதல் தடவை பூட்டும்போது அதை இயந்திரத்தோடு இணைக்க நெட் வேண்டும். பிளேஸ்டேஷன் 4இல் இன்னும் மோசமான ஒரு சங்கதி இருந்தது. உள்ளே மணிநேரம் காக்கும் சின்ன பேட்டரி செத்து, சோனியின் சேர்வரையும் தொடர்புகொள்ள முடியாமல் போனால் டிஸ்க் கேம்கூட ஓடாது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். 2021 செப்டம்பர் அப்டேட்டில் சோனி அதைச் சரிசெய்தது. யாராவது தோண்டிப் பார்க்காவிட்டால் இப்படி ஒரு பூட்டு இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

## பூட்டு மூன்று வகை, மூன்றும் ஒன்றல்ல

டிஜிட்டல் பொருளைப் பூட்டி வைக்கும் முறைகள் எல்லாவற்றையும் 'டிஆர்எம்' என்று ஒரே பெயரில் திட்டுவதால்தான் பாதிக் குழப்பம். வேலை செய்யும் விதத்தை வைத்துப் பிரித்தால்:

1. ஒருதடவை ஆக்டிவேஷன். முதல் தடவை திறக்கும்போது மட்டும் கேம் சேர்வரிடம் கேட்கும். அனுமதி வந்ததும் உங்கள் கணினியில் ஒரு அடையாளத்தைப் போட்டுவிட்டு, பிறகு நெட் இல்லாமலும் ஓடும். ஸ்டீமில் உள்ள பெரும்பாலான தனியாள் கேம்கள் இந்த வகைதான். கேட்கச் சின்ன விசயம். ஆனால் விண்டோஸ் மாற்றினாலோ, மதர்போர்ட் பழுதாகிப் புதிது போட்டாலோ மறுபடியும் கேட்கும். 2008இல் ஸ்போர் வந்தபோது மூன்று கணினிக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்று வைத்தார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள். டெனுவோ போன்ற இப்போதைய பூட்டுகளும் கணினியின் பாகங்களோடு அனுமதியைக் கட்டிவைக்கின்றன.

2. இடைவெளி விட்டுச் சரிபார்ப்பது. இத்தனை மணிக்கொருதரம் அல்லது நாளுக்கொருதரம் நெட்டில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். 2013இல் எக்ஸ்பொக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருதடவை இணைப்பு வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் சொன்னது. உலகம் முழுக்கச் சண்டை பிடித்தார்கள், அதே ஆண்டு ஜூனில் பின்வாங்கினார்கள். மாதச் சந்தா கட்டி எடுக்கும் கேம்களுக்கு இந்தச் சரிபார்ப்பு இருப்பது நியாயம், அது வாடகை. முழு விலை கொடுத்ததற்கு இதே விதியைப் போடுவதை நான் ஏற்கவில்லை.

3. எப்போதும் ஒன்லைன். தனியாக விளையாடும் கேம் என்றாலும் இணைப்பு அறுந்தால் நின்றுவிடும். 2010இல் அசாசின்ஸ் கிரீட் 2இன் கணினிப் பதிப்பு இப்படித்தான் வந்தது. அந்த மார்ச் மாதமே யாரோ யுபிசொஃப்ட்டின் சேர்வரைத் தாக்க, காசு கட்டியவர்கள் கேமைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2012 மே மாதம் டயாப்லோ 3 வெளியான அன்று லட்சக்கணக்கானோர் பார்த்தது 'எரர் 37' என்ற செய்தியைத்தான். 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தபோது நாட்கணக்கில் சேர்வர் முட்டி மோதிக் கிடந்தது. ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், அதே கேமுக்கு ஒஃப்லைன் வசதி அப்டேட்டாக வந்தது. நெட் இல்லாமல் இதை ஓட்டவே முடியாது என்ற பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு அந்த அப்டேட் போதுமான சாட்சி.

பலர் சேர்ந்து மோதும் கேமுக்கு சேர்வர் வேண்டும், அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் தனியாள் கதைக்கும் ஏன் சேர்வர் என்பதில்தான்.

## மலையகத்தில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது

இந்த விதிகளை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்த வீட்டில் ஃபைபர் இருக்கிறது, கரண்ட் எப்போதும் இருக்கிறது, கிரெடிட் கார்ட் இருக்கிறது, நாட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறது. பொகவந்தலாவையிலோ பசறையிலோ ஒரு தோட்டத்து வீட்டில் இந்த நான்கில் ஒன்றுகூட நிச்சயமில்லை.

இணைப்பை முதலில் எடுப்போம். ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா டவுனுக்குள் இருப்பவருக்கு ஓரளவு சரி. மலையின் அந்தப் பக்கம் போனால் ஃபோன் சிக்னல்தான், அதுவும் ரவுட்டரை எந்த ஜன்னலில் வைக்கிறோம், மழை எப்படி என்பதைப் பொறுத்து. இன்றைய பெரிய கேம்கள் பல 100 ஜிபியைத் தொடுகின்றன. அதனால் டவுனில் உள்ள கூட்டாளி வீட்டில் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வருவதோ, நைட் டேட்டாவில் பல இரவு விட்டு விட்டு இறக்குவதோதான் வழி. ஸ்டீம் கோப்புகளை இப்படிக் கொண்டு வந்து போடலாம், அதில் தடையில்லை. ஆனால் கோப்பைக் கொண்டு வரலாம், அனுமதியைக் கொண்டு வர முடியாது. 100 ஜிபி வந்து சேர்ந்த பிறகும், சில கேபி அளவுள்ள ஒரு பதில் சேர்வரிலிருந்து வராததால் கேம் திறக்காது என்பது இங்கே சாதாரணமாக நடக்கக்கூடியது.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறக்காது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கி சிக்னலும் போய்விடும், அதனால் லேப்டொப்பில் சார்ஜ் இருந்தாலும் ஒன்லைன் பூட்டுள்ளது எதுவும் வேலை செய்யாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலைப்பகுதியின் பல இடங்கள் கரண்டும் தொடர்பும் இல்லாமல் துண்டிக்கப்பட்டன. உயிரும் வீடும் போன அந்த நாட்களில் கேமைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது. நான் சொல்ல வருவது, இங்கே இணைப்பு அறுவது எப்போதாவது நடக்கும் அதிசயமில்லை என்பதை. பாடத்துக்கும் வேலைக்கும் வாங்கும் மென்பொருட்களிலும் இதே ஆக்டிவேஷன் முறை இருப்பதால் இது விளையாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமில்லை.

காசு. 60 டொலர் கேம் ஒன்று, டொலர் 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபா. 2024இல் நிர்ணயித்தபோது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தால் 13 நாள் கொழுந்து பறித்ததற்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் ஒருவர் சேர்வர் மூடப்பட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம், இங்கே அந்த நட்டத்தின் எடை வேறு.

கடைசியாக நாடு. இது அதிகம் பேசப்படாதது, ஆனால் எனக்கு மிகக் கோபம் வருவது இதில்தான். சோனியின் ஒன்லைன் கணக்குச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இலங்கையில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. பதிவு செய்யும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்காது, அதனால் இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் இந்தியா, அமெரிக்கா என்று வேறொரு நாட்டைப் போட்டுத்தான் கணக்குத் திறக்கிறார்கள். ஒப்பந்தப்படி அது பொய்த்தகவல். நாளைக்குக் கணக்கு முடக்கப்பட்டால் போய்க் கேட்பதற்கு ஒரு பிடி இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விசயத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த கேம் ஸ்டீமில் பிப்ரவரியிலிருந்து இங்கேயும் விற்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்கோடு கட்டாயம் இணைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த நெட்வொர்க் இல்லாத 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஸ்டீமில் விற்பனை நின்றது, இலங்கையும் அதில் ஒன்று. நேர்மையாகக் காசு கட்டியவர், இல்லாத ஒரு கணக்கைக் கொண்டுவா என்று கேட்கப்பட்டார். சில நாட்களில் எதிர்ப்பு தாங்காமல் சோனி முடிவை மாற்றியது. 2025 ஜனவரியில் தன் வேறு சில கணினி கேம்களுக்கும் அந்தக் கணக்குக் கட்டாயமில்லை என்றது. கத்தியவர்கள் பெரும்பாலும் பெரிய நாட்டுக்காரர்கள், அதனால்தான் நமக்கும் விடிந்தது.

## சேர்வரையே மூடிவிட்டால்

த க்ரூ என்ற கார் கேமை யுபிசொஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்டது. தனியாக ஓட்டக்கூடிய கதை அதில் உண்டு, ஆனால் எப்போதும் ஒன்லைன். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று சேர்வரை அணைத்தார்கள். அதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுக்கத் தொடங்கினார்கள். முழு விலைக்கு டிஸ்க் வாங்கியவருக்கும் அதே கதிதான்.

இதிலிருந்து கிளம்பியதுதான் 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவாகப் போய், 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். சேர்வரை என்றென்றைக்கும் ஓட்டு என்று கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர் தன் பாட்டில் விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதே கோரிக்கை.

கம்பெனிகள் தரப்பில் சொல்வதில் ஒன்று எனக்கும் நியாயமாகப் படுகிறது. பழைய கேம்களின் சேர்வர் நிரலில் மற்றவர்களிடம் உரிமம் பெற்ற பாகங்கள் கலந்திருக்கும், அதைப் பொதுவில் விட அவர்களுக்கே உரிமை இருக்காது. சரி. ஆனால் இனிமேல் செய்யப்போகும் கேமுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது, முதல் நாளே திட்டமிட்டால் முடியும். கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சேர்வர் 2024 ஜனவரி 31இல் மூடப்பட்டபோது தனியாள் பகுதி ஒஃப்லைனில் ஓடும்படி செய்துவிட்டே மூடினார்கள். நொக்கவுட் சிட்டியை 2023இல் மூடியபோது தனியார் சேர்வரில் ஓடும் பதிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். யுபிசொஃப்ட்டே, திட்டு வாங்கிய பிறகு, த க்ரூவின் அடுத்த பாகங்களுக்கு ஒஃப்லைன் வழி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

நம் நாட்டுச் சட்டத்தில் பிடிமானம் தேடினால் கைக்கு வருவது 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். இரண்டும் கடையில் பொருள் கைமாறுவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வெளிநாட்டுச் சேர்வரில் இருக்கும் அனுமதி ஒன்று பறிபோனால் அதை வைத்து எங்கே போய் நிற்பது? அதனால் இப்போதைக்கு நம் பாதுகாப்பு காசு கட்டும் முன் பார்ப்பதில்தான் இருக்கிறது.

## காசு கட்டும் முன்னும் பின்னும்

1. ஸ்டீமில் கேமின் பக்கத்தில் வலது பக்க ஓரத்தைப் படியுங்கள். டெனுவோ போன்ற வெளிப்பூட்டு இருந்தாலும், வேறொரு கம்பெனியின் கணக்கு வேண்டுமென்றாலும் அங்கே போட்டிருப்பார்கள். இரண்டும் இருந்தால் நெட் இல்லாத வீட்டுக்கு அந்த கேம் சரிவராது.

2. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள்ளாக மட்டுமே விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். இதை ஒரு சோதனைக் காலமாகப் பாவியுங்கள். இறக்கி, ஒருதடவை ஒன்லைனில் திறந்து, பிறகு ரவுட்டரை அணைத்துவிட்டு, கணினியையும் ரீஸ்டார்ட் செய்து ஒஃப்லைன் மோடில் திறந்து பாருங்கள். ஓடாவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டவுன்லோட் ஆக நாளெடுக்கும் என்பதால் 14 நாளில் பாதி அதிலேயே போய்விடும், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரே கேம் ஜிஓஜியிலும் கிடைத்தால் அங்கே வாங்குங்கள். 2008இல் தொடங்கிய இந்தக் கடை பூட்டில்லாத கேம்களை விற்கிறது, நிறுவும் கோப்பை அப்படியே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி அதுவும் உரிமம்தான், ஆனால் உங்கள் அலுமாரியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கிலிருந்து யாரும் அதை அழிக்க முடியாது.

4. முகநூலில் 'ஒஃப்லைன் ஆக்டிவேஷன்' என்று ஆயிரம் ஐந்நூறுக்கு விற்கிறார்களே, அது வேறொருவரின் கணக்கில் உங்களை ஒருதடவை நுழையவிட்டு வெளியே எடுப்பது. ஒரே கணக்கைப் பலருக்கு விற்பார்கள். விண்டோஸ் போய்விட்டால் கேமும் போய்விடும், பாஸ்வேர்ட் மாறியிருக்கும், விற்றவர் ஃபோனை எடுக்க மாட்டார். அந்தக் காசில் பழைய கேம் ஒன்றைக் கழிவு விலையில் உங்கள் பெயரிலேயே வாங்கலாம்.

5. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'கொன்சோல் ஷெயரிங் அண்ட் ஒஃப்லைன் பிளே' என்பதை நெட் இருக்கும்போதே இயக்கி வையுங்கள். பிளேஸ்டேஷன் 4இல் அதை முதன்மை இயந்திரமாக ஆக்டிவேட் செய்ய வேண்டும், எக்ஸ்பொக்ஸில் 'ஹோம் எக்ஸ்பொக்ஸ்' என்று இருக்கும். இதைச் செய்திருந்தால், டிஜிட்டலாக வாங்கிய தனியாள் கேம்கள் அந்த இயந்திரத்தில் இணைப்பு இல்லாமலும் திறக்கும். கூட்டாளியிடமிருந்து பழைய இயந்திரம் வாங்குபவர்கள், அவருடைய கணக்கு அதில் முதன்மையாக இருக்கிறதா என்று பார்த்து, அவர் கையாலேயே நீக்கிவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.